படிக்க உட்கார்ந்தால் கை போனைத் தேடுகிறதே: குரூப் 4 எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. அங்கே இருக்கிற கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் டிஎன்பிஎஸ்சி (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிற குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். நான் நான்காவது முறை எழுதித் தேறியவள். இப்போது இளநிலை உதவியாளராக இருக்கிறேன். பாடத்தில் உதவி செய்யலாம் என்றுதான் போக ஆரம்பித்தேன். ஆனால் தம்பி தங்கைகள் பாடத்தைவிடப் போனைப் பற்றியும் பயத்தைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

அக்கா, போன் இல்லாமல் இந்தக் காலத்தில் படிக்க முடியுமா?

முழுக்க முடியாது. விண்ணப்பம், நுழைவுச்சீட்டு, ரிசல்ட் எல்லாமே ஆன்லைன். எங்கள் ஊரில் பயிற்சி மையம் கிடையாது. நல்ல ஆசிரியர்கள் யூடியூபில் இலவசமாக நடத்துகிற வகுப்புகள்தான் எனக்கும் கை கொடுத்தன. அதனால் போனைத் தூக்கி எறி என்று யாருக்கும் நான் சொன்னதில்லை.

ஆனால் எவ்வளவு நேரம் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குரூப் 4 தாளில் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி, 150 மதிப்பெண் தமிழ். தமிழில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண் வரவில்லை என்றால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தமிழுக்கு அடிப்படை பள்ளிப் பாடநூல்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டாலே கிடைக்கும் காகிதப் புத்தகம். வகுப்புக்கு ஒரு மணி நேரம், நடப்பு நிகழ்வுகளுக்கு அரை மணி நேரம். ஒரு நாளைக்கு அதற்கு மேல் போன் எதற்கு என்று நானும் யோசித்துப் பார்த்தேன், பதில் கிடைக்கவில்லை.

எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை. நான் இப்படித்தானா?

இப்படித் தன்னையே திட்டிக்கொள்வதை முதலில் விடுங்கள். எதிரில் இருப்பது என்ன என்று தெரிந்தால் திட்ட மனம் வராது.

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் கீழே 1, 2, 3 என்று எண் இருக்கும். அடுத்த பக்கம் வேண்டும் என்றால் அதை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில் "போதும், மூடலாம்" என்று நினைக்க இடம் இருந்தது. 2006இல் ஏசா ரஸ்கின் என்கிற வடிவமைப்பாளர் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கிற பக்கத்தை உருவாக்கினார். பிற்பாடு அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். இன்றைக்கு ரீல்ஸ், ஷார்ட்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அடி என்று ஒன்று இல்லாத கிணறு.

அதோடு இன்னொன்று. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பெயர் பெற்றவை. பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். ஒவ்வொரு முறையும் விழுந்தால், தீனி நின்றதும் புறாவும் சீக்கிரம் நிறுத்திவிடும். எப்போது விழும் என்று தெரியாமல் எப்போதாவது விழுந்தால், தீனி நின்ற பிறகும் அது வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். பத்து வீடியோ தள்ளினால் ஒன்று நன்றாக இருக்கிறது. எது என்று முன்கூட்டியே தெரியாது. நம் கட்டைவிரல் செய்வதும் அதே வேலைதான்.

ஆகவே போனைக் கையில் வைத்துக்கொண்டு "பார்க்க மாட்டேன், பார்க்க மாட்டேன்" என்று பல்லைக் கடிப்பது கட்டுப்பாடு ஆகாது. அதில் யாராக இருந்தாலும் தோற்பார்கள். ஆசை வருவதற்கு முன்னாலேயே, மனசு தெளிவாக இருக்கிற நேரத்தில், வழியை மாற்றி வைப்பதுதான் கட்டுப்பாடு.

சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தால் போதாதா?

எனக்குப் போதவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கவனம் தேவைப்படுகிற பயிற்சி ஒன்றைக் கொடுத்து, சிலரைப் போனை மேசைமேல் வைக்கச் சொன்னார்கள், சிலரைப் பையிலோ பாக்கெட்டிலோ, சிலரை வேறு அறையில். எல்லோருடைய போனும் சத்தம் இல்லாமல்தான் இருந்தது. வேறு அறையில் வைத்தவர்கள் மேசைமேல் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த எல்லா ஆய்விலும் இதே முடிவு வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேறு அறை என்கிற யோசனை எனக்குப் பிடித்துப்போனது, ஏனென்றால் அதற்குக் காசு கிடையாது.

எங்கள் வீட்டில் வேறு அறை என்றால் சமையலறைதான். அங்கே அரிசி வைக்கிற எவர்சில்வர் டிரம் ஒன்று உண்டு. போனை ஒரு துணிப்பையில் சுற்றி அதற்குள் வைத்தேன். எடுக்க வேண்டும் என்றால் எழுந்து போக வேண்டும், அம்மாவைத் தாண்ட வேண்டும், மூடியைத் திறக்கும்போது எழும் சத்தத்தில் அம்மா திரும்பிப் பார்ப்பார், பையில் ஒட்டியிருக்கிற தவிட்டுத் தூளைத் தட்ட வேண்டும். இத்தனையும் செய்துவிட்டுப் போனைத் திறக்கலாம்தான். முதல் வாரம் நான்கைந்து முறை திறந்தேன். அப்புறம் மூடியில் கை வைக்கும்போதே "எதுக்கு வந்தோம்?" என்ற கேள்வி வந்துவிடும். பாதி நாள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

வீட்டில் ஏதாவது அவசரம் என்றால்?

நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டு போனில் "டூ நாட் டிஸ்டர்ப்" என்று ஒன்று இருக்கிறது. அதில் நட்சத்திரம் போட்ட எண்களில் இருந்து வரும் அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும் என்று வைக்கலாம். அம்மா, அப்பா, கணவர், குழந்தையின் பள்ளி, அவ்வளவு போதும். 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாவது முறை கூப்பிட்டால் ஒலிக்கும்படியும் ஒரு வசதி உண்டு. உண்மையான அவசரம் என்றால் யாரும் ஒரு தடவையோடு விட மாட்டார்கள். இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். "படிக்கிற நேரத்தில் அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடுங்க" என்றால் யாருக்கும் மனவருத்தம் வராது.

டெலிகிராம் குழுக்களில் இருந்து விலகினால் முக்கியமான குறிப்பு எதுவும் போய்விடாதா?

இந்தப் பயம் எனக்கு மூன்று வருடம் இருந்தது. இருபதுக்கு மேல் குழுக்கள். காலையில் எழுந்தால் "ஒரே பிடிஎஃப்பில் முழு வரலாறு", "இதைப் படிக்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள்" என்று வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றையும் இறக்கி வைப்பேன். போனில் இடம் இல்லை என்று எச்சரிக்கை வந்தபோது எண்ணிப் பார்த்தேன், ஆயிரத்துக்கு மேல் கோப்புகள். திறந்து படித்தவை நாற்பதுகூடத் தேறாது. அன்று அழுகையே வந்துவிட்டது. நாள் தவறாமல் உழைத்த மாதிரிதான் எனக்குத் தோன்றியிருந்தது. செய்ததெல்லாம் சேகரிப்பு.

அந்தக் குழுக்களில் என்னைக் கட்டிப் போட்டது ஆர்வம் இல்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற நடுக்கம். லட்சக்கணக்கான பேர் எழுதுகிற தேர்வில் அந்த நடுக்கம் வருவது இயல்புதான். ஆனால் அதற்கு மருந்து இன்னொரு பிடிஎஃப் கிடையாது. ஒரு குழுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதில் இருந்து விலகினேன். அறிவிப்புகளுக்கு வாரம் ஒரு முறை தேர்வாணையத்தின் இணையதளத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு அறிவிப்பும் எனக்குத் தவறவில்லை.

யூடியூபில் வகுப்பு பார்க்கப் போய் வேறு எங்கேயோ போய்விடுகிறேன்.

இரண்டு வேலை செய்யுங்கள். யூடியூப் கணக்கில் "வாட்ச் ஹிஸ்டரி"யை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் இருந்து, அப்படிச் செய்தால் முகப்பில் வீடியோ வரிசை வராது; தேடுகிற பெட்டி மட்டும்தான் இருக்கும். அப்புறம், திறப்பதற்கு முன் எந்த வகுப்பு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். "புணர்ச்சி விதிகள், இரண்டாம் பகுதி" என்று எழுதிவிட்டுத் திறக்கிறவருக்கும், "ஏதாவது பார்ப்போம்" என்று திறக்கிறவருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கணக்கு என்றாலே பயம். புத்தகத்தைத் திறந்தாலே படபடப்பாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நான்காவது முறை படிக்க ஆரம்பித்தபோது ஒரு வாரம் ஒரு வேலை செய்தேன். கை போனைத் தேடுகிற ஒவ்வொரு முறையும் நோட்டின் ஓரத்தில் மணியையும் அப்போது என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் குறித்தேன். வாரக் கடைசியில் பார்த்தால், வரலாறு படிக்கும்போது ஒன்றிரண்டு குறிப்பு. கூட்டுவட்டி, வேலையும் நேரமும், யாப்பிலக்கணம் இந்த மூன்றின் பக்கத்தில் வரிசையாக மணிகள். ஒரு நாள் கூட்டுவட்டிக் கணக்கு ஒன்றுக்கு எதிரில் 6.10, 6.14, 6.21, 6.25 என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கை நான் போட்டு முடிக்கவே இல்லை.

அதுவரை எனக்குச் சலிப்பு அதிகம் என்றுதான் நினைத்திருந்தேன். சலிப்பு என்றால் எல்லாப் பாடத்திலும் வந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று எனக்கே தெரிந்துவிடுகிற இடத்தில்தான் கை போனுக்குப் போயிருக்கிறது. பயந்து ஓடிய ஓட்டம் அது. போன் ஒளிந்துகொள்கிற இடம், அவ்வளவுதான்.

இது தெரிந்த பிறகு நான் போனோடு சண்டை போடுவதைக் குறைத்துவிட்டுக் கூட்டுவட்டியின் பக்கம் திரும்பினேன். பயத்தைப் போக்குவதில் பழைய சோதனை ஒன்று உண்டு. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், பீட்டர் என்று அவர் பெயரிட்டு எழுதிய ஒரு சிறுவனின் முயல் பயத்தைப் போக்கியதைப் பதிவு செய்தார். பிள்ளை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைப்பார்கள். நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டு வருவார்கள். கடைசியில் அந்தப் பிள்ளை முயலைத் தொட்டு விளையாடினான். ஒரே நாளில் மடியில் தூக்கிப் போட்டிருந்தால் பயம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

நானும் அப்படித்தான் செய்தேன். முதல் நாள், விடை முழுதும் போட்டிருக்கிற ஒரே ஒரு கணக்கைப் பார்த்து எழுதினேன். மறுநாள் அதே கணக்கை மூடி வைத்துவிட்டுப் போட்டேன். அப்புறம் எண்ணை மட்டும் மாற்றினேன். மூன்று வாரம் கழித்துத்தான் கடிகாரத்தை வைத்துப் பத்துக் கணக்கு. கணக்கு வருகிற திறனறிவுப் பகுதியில் 25 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 37.5. அத்தனையையும் மூன்று தேர்வுகளில் பயத்துக்கே கொடுத்திருந்தேன்.

உங்கள் நோட்டிலும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். உங்கள் முயல் எது என்று தெரியும்.

அட்டவணை போட்டால் மூன்றே நாளில் உடைந்துவிடுகிறது. அதுவும் இல்லாமல் கட்டுப்பாடு என்றால் ஜெயில் மாதிரி இருக்கிறது.

அட்டவணை பெரிதாக இருந்தால் உடையத்தான் செய்யும். எங்கள் குழுவில் ஒரு தங்கை ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பதில் இருந்து இரவு ஒன்பது வரை நின்றே இருக்க வேண்டும். அவள் படிப்பது காலை ஐந்தில் இருந்து ஆறரை வரை, அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும். ராத்திரி படுக்கும் முன் புத்தகத்தை மறுநாள் படிக்க வேண்டிய பக்கத்திலேயே விரித்து, மேலே பேனாவை வைத்துவிட்டுத்தான் படுப்பாளாம். "காலையில என்ன படிக்கிறதுன்னு யோசிச்சா அந்த கேப்புல போனை எடுத்துருவேன்க்கா" என்றாள். எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது.

ஜெயில் என்றீர்களே, எனக்கு நேர் எதிராக இருந்தது. கட்டுப்பாடு இல்லாத நாட்களில் நான் படிக்கவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை. சாப்பிடும்போது "படிக்கணுமே", அம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்க்கும்போது "படிக்கணுமே", படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதும் "படிக்கணுமே". நாள் பூராவும் தலைக்குள் ஒரு கடன்காரர் உட்கார்ந்திருந்தார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்து அதை உருப்படியாகச் செய்த பிறகு, மற்ற நேரம் முழுக்க என்னுடையது ஆயிற்று. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் குற்ற உணர்வு இல்லாமல் சாப்பிட்டேன்.

ஒரு நாள் தவறிவிட்டால்? மறுநாள் உட்காருங்கள். தவறிய நேரத்தையும் சேர்த்து எட்டு மணி நேரம் படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அதில்தான் மூன்றாவது நாள் உடைகிறது.

"இன்னும் வேலை கிடைக்கலையா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களை எப்படிச் சமாளிப்பது?

பதிலை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். நான் சொன்னது இது: "இந்த வருசமும் எழுதுறேன் அத்தை, ரிசல்ட் வந்ததும் நானே உங்களுக்குச் சொல்றேன்." சொல்லிவிட்டு அவர் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன். பேச்சு மாறிவிடும். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்பே முடிவெடுத்து வைத்தவர்கள் அதை அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியிருக்கிறார். போனுக்கும் இது பொருந்தும், அத்தைக்கும் பொருந்தும்.

அத்தையின் கேள்வி ஏன் அவ்வளவு குத்துகிறது? நமக்குள்ளேயே அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நான் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து "நான்காவது முறையும் தேறாவிட்டால்" என்று தலைப்பிட்டு எழுதினேன். தட்டச்சில் இரண்டு நிலையும் முடித்திருந்தேன், தனியார் அலுவலகத்தில் வேலை கிடைக்கும். தையல் தெரியும். இன்னும் ஒரே ஒரு முறை எழுதுவேன், அதோடு நிறுத்துவேன். எழுதி முடித்தபோது அரைப் பக்கம்தான் வந்திருந்தது. மூன்று வருடமாக என்னைத் தூங்க விடாமல் துரத்தியது அந்த அரைப் பக்கம்.

தேர்வு முடிந்த பிறகு கட்-ஆஃப் (தேறத் தேவையான மதிப்பெண்) வீடியோ பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

மூன்றாவது முறை எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரை நான் செய்த ஒரே வேலை அதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் 165 என்பார், இன்னொருவர் 172 என்பார். என் மதிப்பெண்ணுக்கு மேலே சொன்னால் அழுவேன், கீழே சொன்னால் அடுத்த வீடியோ பார்ப்பேன். காலிப் பணியிடம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு, எத்தனை பேர் எவ்வளவு எடுத்தார்கள் என்பது எல்லாம் சேர்ந்துதான் கட்-ஆஃப் முடிவாகிறது. வீடியோ போடுகிறவர் கையில் அந்தக் கணக்கு இல்லை.

நான்காவது முறை, தேர்வாணையத்தின் உத்தேச விடைகள் வந்ததும் ஒரே ஒரு தடவை சரிபார்த்தேன். மதிப்பெண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். விடையில் தவறு இருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு உண்டு. அது முடிகிற வரைக்கும்தான் அந்தத் தேர்வைப் பற்றிய பேச்சு.

தேர்வு அறையில் கை நடுங்கினால்?

காலை ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள், எட்டரைக்கே போய்விடுங்கள். தெரிந்த பகுதியில் தொடங்குங்கள். தெரியவே தெரியாத கேள்விக்கு "விடை தெரியவில்லை" என்ற ஐந்தாவது தெரிவும் இருக்கிறது. பரீட்சைக்குச் சற்று முன்பு மனசில் உள்ள பயத்தைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று 2011இல் ஓர் ஆய்வு வந்தது. நான் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு உதவியது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த அறைக்குள் 3 மணி நேரம் போன் இருக்காது. தூக்கத்தைத் தவிர்த்து, கடைசியாக எப்போது 3 மணி நேரம் போன் இல்லாமல் இருந்தீர்கள்? தாளைக் கண்டு மட்டும் நடுக்கம் வருவதில்லை. வாரம் ஒரு முறை 9.30 முதல் 12.30 வரை மாதிரித் தேர்வு எழுதிப் பழகுங்கள்.

தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. இதற்கும் அட்டவணைதானா?

இல்லை. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்றால் அதற்கு வைத்தியம் வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போன் பழக்கத்துக்கு என்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் தனிப் பிரிவு இயங்குகிறது. எந்தத் தேர்வும் உங்கள் உயிரைவிடப் பெரியது இல்லை. தயவுசெய்து கூச்சப்படாமல் பேசுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களும் வரலாமா? போன் கொண்டு வரலாமா?

தாராளமாக வாருங்கள், பத்து மணிக்கு ஆரம்பிப்போம். போனும் கொண்டு வரலாம். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும், எல்லோருடைய போனும் அதில்தான் கிடக்கும், என்னுடையதும். ஒரு மணிக்குப் பையை இறக்குவோம். முதல் தடவை வருகிறவர்கள் அடிக்கடி திரும்பித் திரும்பி அந்தப் பையைப் பார்ப்பார்கள். பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். 6ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கின்றன.